கால்கட்டு

'பையன் இப்படியே ஊர் சுத்திக்கிட்டு இருந்தா சரிப்படாது. சீக்கிரமா ஒரு கால்கட்டு போட்டுடணும்!' - நம்ம வீடுகளில் இந்த வசனம் ஒலிக்காத வருஷம் உண்டா? நான் சொல்லப்போவது அந்தக் கால்கட்டு அல்ல. ஆனால், அந்தக் கால்கட்டு நடக்கிற அதே மண்டபத்தின் வாசலில், ராத்திரி ஏழு மணிக்கு, சம்பளத்துக்காக ஒரு பையன் தன் காலில் கட்டிக்கொள்ளும் இன்னொரு கட்டு.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் காரிலிருந்து இறங்குவார்கள். ஒரு பக்கம் செண்டை மேளம். இன்னொரு பக்கம் கரடி வேஷம். நடுவில் ஜிகினா சட்டை போட்ட ஏழடி மனிதர்கள் இரண்டு பேர் துள்ளித் துள்ளி வருவார்கள். காலுக்குக் கீழே வில் மாதிரி வளைந்த பட்டை, அதன் நுனியில் ஆட்டுக்குளம்பு சைஸில் ஒரு ரப்பர். ஒரு குதி குதித்தால் நம் இடுப்பு உயரத்துக்கு எகிறுவார்கள். குழந்தைகள் 'ஹே!' என்று கத்தும். நாம் செல்போனில் படம் எடுத்துவிட்டு, பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவோம்.

அதன் பெயர் ஜம்ப்பிங் ஸ்டில்ட்ஸ். பசங்க பாஷையில் 'ஸ்பிரிங் கால்'. அலெக்ஸாண்டர் பாக் என்ற ஜெர்மனிக்காரர் கண்டுபிடித்தது. 2004-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது அவர் தந்த தலைப்பு என்ன தெரியுமா? 'மனிதன் நடக்க உதவும் சாதனம்'! நடக்கவாம். இதைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக நடந்தவர்களே கிடையாது. ஒரு இடத்தில் சும்மா நிற்கக்கூட முடியாது. குளம்பு அத்தனை சின்னது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கலாம். அடுத்த தடவை கவனியுங்கள். மணமகனுக்குப் பூங்கொத்து கொடுக்கும்போதும் அந்தப் பையன் அந்த இடத்திலேயே தாளம் போட்டபடிதான் நிற்பான். அது ஸ்டைல் அல்ல. நின்றால் சாய்ந்துவிடுவான்.

சைனாக்காரர்கள் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஒரு பெரிய கூட்டத்துக்கே இதை மாட்டிவிட்டுத் துள்ளவிட்டார்கள். உலகம் வாய் பிளந்தது. பழகியவர்கள் ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரம் குதிக்கலாம், ஒரு எட்டில் 9 அடி தாண்டலாம் என்றெல்லாம் இதைப் பற்றிச் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு உயரம் முக்கியமில்லை. இறங்குவதுதான் முக்கியம். நான் பி.காம். படித்தவன் என்பதால் இயற்பியல் வாத்தியார் நண்பரிடம் கணக்குப் போடச் சொன்னேன். 1 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும் ஆள், தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பானாம். நல்ல வேகத்தில் வரும் சைக்கிள். ஒவ்வொரு குதிக்கும் ஒரு சைக்கிள் மோதல்! அதை வாங்கிக்கொள்வது அந்த ஃபைபர் பட்டை. பட்டையைக் காலோடு சேர்த்து வைத்திருப்பது நாலு வார். இந்த வாரத்துச் சமாசாரம் அந்த வார்தான்.

கட்டைக்காலில் ஏறுவது நமக்குப் புதுசு இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று 'மரக்கால்'. கொற்றவை அசுரர்களை அடக்க ஆடியதாம். தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை இன்றைக்கும் ஆடுகிறார்கள். சத்தீஸ்கரில் ஹரேலி பண்டிகைக்குப் பிள்ளைகள் மூங்கிலில் 'கேடி' ஏறிச் சுற்றுவார்கள். எல்லாம் ஒரே ஜாதி மாதிரி தெரிந்தாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கேடி மூங்கிலைக் கையால் பிடித்திருக்கிறோம். தடுமாறினால் விட்டுவிட்டுக் கீழே குதித்துவிடலாம். பொய்க்காலில் அது நடக்காது. கட்டியாகிவிட்டது. தடுமாறினால் கட்டையும் சேர்ந்துதான் விழும். ஸ்பிரிங் கால் இந்த இரண்டாவது வகை. அதிலும் குதிக்கிற வகை. அதனால், கட்டு சரியாக இருக்கிறதா என்பது அலங்காரக் கேள்வி இல்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? வானகரம் பக்கம் ஒரு மண்டபம். தெரிந்தவர் வீட்டு ரிசப்ஷன். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மதில்மேல் அந்தப் பையன் உட்கார்ந்து வாரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான். (இதைத் தரையில் உட்கார்ந்து மாட்ட முடியாது. மாட்டினால் எழுந்திருப்பது பெரும்பாடு. உயரமான திண்டு வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒருவரின் கார் பானெட்!) பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். முகம் கோணியது.

''ஏன் தம்பி, இவ்வளவு டைட்டாவா கட்டணும்?''

''லூஸா இருந்தா ஆடுது சார். எகிறும்போது கால் உள்ள தூக்கிக்கும். எறங்கும்போது டங்குனு அடிக்கும். அதான்.''

''வலிக்கலையா?''

''கட்டும்போது வலிக்கும். அப்புறம் மரத்துப் போயிடும், தெரியாது.'' சிரித்தான். அப்புறம் சாதாரணமாக, ஏதோ கொசுக்கடி பற்றிச் சொல்வது மாதிரி ஒன்று சொன்னான்: ''கழட்டின அப்புறமும் கொஞ்ச நேரம் பாதத்து மேல உணர்ச்சி இருக்காது சார். போன வாரம் செருப்பே ரெண்டு தடவை கழண்டு விழுந்துச்சு. பெருவிரலைத் தூக்க வரலை.''

சாப்பிட உட்கார்ந்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று நினைவில்லை. பெருவிரலைத் தூக்க வரவில்லை என்பது எங்கேயோ கேட்ட வாக்கியம்.

கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன். சின்ன வயதில் போலியோ. ஒரு காலில் காலிபர் போட்டிருப்பான். இரும்புச் சட்டம், தோல் வார், பூட்ஸ் எல்லாம் சேர்ந்த செட். எங்கள் தலைமுறையில் எல்லா வகுப்பிலும் இப்படி ஒருவராவது இருந்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அதைப் பார்த்த ஞாபகமே இருக்காது. இந்தியாவின் கடைசி காட்டு வைரஸ் போலியோ கேஸ் 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழும் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால், என் நண்பன் மாதிரி ஆட்களுக்கு இன்னும் காலிபர் வேண்டுமே! அவனுக்கு இருபது வருஷமாகக் கட்டித்தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆம்பூரில் ஷூ தைத்துத் தொழில் கற்று, சென்னைக்கு வந்து, காலிபரும் சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பும் செய்துகொண்டிருப்பவர். 'மரத்துப் போனா சொல்லு, விரலைத் தூக்க வரலேன்னா ஓடி வா' - ஒவ்வொரு தடவையும் அவர் என் நண்பனிடம் சொல்லி அனுப்பும் வாக்கியம்தான் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனை அங்கே கூட்டிப் போனேன். கம்பெனிக்குத் தெரியாமல் ஒரு ஜோடி ஸ்பிரிங் காலைச் சாக்குப் பையில் சுற்றி, பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தான்.

பெரியவர் ஸ்பிரிங்கைப் பார்க்கவே இல்லை. ''பேன்ட்டை ஏத்து தம்பி'' என்றார்.

உங்கள் முட்டியில் கை வையுங்கள். வெளிப்பக்கமாக, முட்டிக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். ஒரு சின்ன எலும்பு மேடு தட்டுப்படும். அதற்குக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மேலே சதையே இல்லை. தோலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. ரொம்ப நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் சில பேருக்குப் பாதம் மரத்துப் போகிறதே, அது இந்த நரம்பு நசுங்குவதால் வருவது. மாவுக்கட்டு போடும்போது டாக்டர்கள் அந்த இடத்தில் பஞ்சு அதிகமாக வைப்பதும் இதற்காகத்தான். தொடர்ந்து நசுங்கினால் பாதம் தொங்கிப் போகும். நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டும். சில சமயம் வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் சரியாகும். சில பேருக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம்.

பையனின் இரண்டு காலிலும், மிகச்சரியாக அந்த மேட்டின் மேல், பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப் போயிருந்தது.

''இதை யாருப்பா இங்க வெச்சது?'' என்றார் பெரியவர், கன்றலை விரலால் தொடாமல் சுட்டிக்காட்டி.

யாரும் வைக்கவில்லை. அதுதான் பிரச்னை! ஸ்பிரிங் காலில் பாதத்தைப் பிடிக்க ஒரு கட்டு, முட்டிக்குக் கீழே கெண்டைக்காலின் மேல்பகுதியைப் பிடிக்க ஒரு வளையம். வளையம் நிற்கிற கம்பியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஆளின் கால் நீளத்துக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். ஆனால், அந்த ஈவென்ட் கம்பெனியில் மூன்று ஜோடி, ஒன்பது பையன்கள். ஒரே ராத்திரியில் இரண்டு மண்டபம். ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் ஆலன் கீ வேண்டும், ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் வேண்டும், துருப்பிடித்த போல்ட் மனசு வைக்க வேண்டும். அதனால், வாங்கிய அன்றைக்கு உயரமான பையன் ஒருவனுக்கு வைத்த அளவே எல்லோருக்கும் அளவு. நம்ம பையன் குட்டை. அவனுக்கு அந்த வளையம் இரண்டு ஓட்டை மேலே ஏறி, நேராக நரம்பின்மேல் உட்கார்ந்துவிட்டது. இடம் மாறியதால் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாததால் இறுக்குகிறான். இறுக்க இறுக்க நரம்பு நசுங்குகிறது. மரத்துப் போன காலுக்கு வார் லூஸா டைட்டா என்றே தெரியாது. அதனால் இன்னும் ஒரு பல் இறுக்குகிறான்.

துணிக்கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று எழுதியிருக்கும். யாருக்குமே பொருந்தாது என்பதன் மரியாதையான பெயர் அது. நைட்டியில் இருந்தால் பரவாயில்லை. குதிக்கிற காலில் கட்டும் பொருளில் இருக்கலாமா?

பெரியவர் அன்றைக்கு அவனை உடனே மாட்டவிடவில்லை. முதலில் எலும்பு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் அழுத்திப் பார்த்து, பாதத்தைத் தூக்கச் சொல்லி, சோதித்துவிட்டு, ''நல்ல வேளை, ஆரம்பத்திலேயே வந்துட்டே. மூணு வாரம் அதைத் தொடாதே'' என்றார். மூன்று வாரம் தொடாவிட்டால் ஆறு கல்யாணம் போச்சு. பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கரடி வேஷத்தில் ஈடுகட்டினான்.

மூன்று வாரம் கழித்துத்தான் பெரியவர் வேலையை ஆரம்பித்தார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது லிப்ஸ்டிக் விஷயம். பொண்டாட்டியின் பழைய லிப்ஸ்டிக்காம். வளையத்தின் உட்புறம் முழுக்க ஒரு கோட்டிங் பூசினார். பையனை மாட்டச் சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு. கழற்று. எங்கே சிவப்பு அப்பியிருக்கிறதோ அங்கே அழுத்துகிறது. எங்கே சிவப்பே இல்லையோ அங்கே தொடவே இல்லை. பையன் காலில் இரண்டே இடத்தில் அழுத்தமான சிவப்பு. பாக்கி முழுக்கச் சுத்தம். அத்தனை பெரிய வளையத்தில் உள்ளங்கை அளவு இடம்தான் வேலை செய்துகொண்டிருந்தது! செயற்கைக்கால் செய்கிறவர்களும் இதே வித்தையைத்தான் பயன்படுத்துவார்களாம். எந்தக் காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்களோ, இவர் கடையில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

முதலில் வளையத்தை இரண்டு ஓட்டை இறக்கினார். செலவு பூஜ்யம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்ததில் போல்ட் அசைந்தது. அப்புறம் உள்ளே ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்து எறிந்தார். ''இது மெத்தைக்கு ஆகும்பா, காலுக்கு ஆவாது. எகிறி எறங்கினா அமுங்கிடும். அமுங்கினா லூஸு. திரும்பவும் இறுக்குவான்'' என்றார். அதற்குப் பதில் எம்.சி.ஆர். ஷீட். சர்க்கரைக்காரர்களுக்குச் செருப்பு செய்கிறார்களே, அதே நுண்துளை ரப்பர். விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், அடி வரைக்கும் போகாது. அதில் எலும்பு மேட்டுக்கு நேராக ஒரு பள்ளம் குடைந்தார். கெண்டைச் சதை இருக்கும் பின்பக்கத்தில் ஒரு பட்டை கூடுதலாக ஒட்டினார். சதை தாங்கும், எலும்பு தாங்காது என்பது கணக்கு. மறுபடி லிப்ஸ்டிக். இந்தத் தடவை சுற்றிலும் வெளிர் சிவப்பு, பள்ளத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓவியர் ஒருவர் தன் படத்தைத் தள்ளி நின்று பார்ப்பது மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால், அவர் அடுத்த நிமிஷமே ''டீ சொல்லு'' என்றுவிட்டார்.

பாதக் கட்டில் வேறு கதை. பசங்க எல்லோரும் மெல்லிசான கான்வாஸ் ஷூ போட்டு அதன்மேல் கட்டுகிறார்கள். ஷூவுக்கு வார் பிடித்துவிடும். ஷூவுக்குள் பாதம் தனியாக ஆடும். மேலே எகிறும்போது குதிகால் தூக்கிக்கொள்கிறது. இறங்கும்போது ஸ்பிரிங் முதலில் தரையைத் தொடுகிறது, குதிகால் கொஞ்சம் லேட்டாக வந்து தட்டில் மோதுகிறது. பையன் சொன்ன 'டங்' அதுதான். கணுக்கால் வரை ஏறும், அடி தடிமனான பூட்ஸ் வேண்டும் என்றார் பெரியவர். மூர் மார்க்கெட் பக்கம் பழைய பூட்ஸ் ஒன்று தேடிப்பிடித்தோம். குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலாகக் குறுக்கே வரும்படி ஒரு தோல் வார் புதிதாகத் தைத்தார். அந்த ஒரு வாருக்கே பாதி ஆட்டம் நின்றுவிட்டது.

கட்டுகிற வரிசையையும் மாற்றினார். பசங்க மேலே இருக்கும் வளையத்தை முதலில் இறுக்கிவிட்டுத்தான் பாதத்துக்கு வருவார்கள். மேலே இருப்பதுதான் கைக்குச் சுலபம். பெரியவர் சொன்னது தலைகீழ். முதலில் பாதம். குதிகால் பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார். அப்புறம்தான் வளையம், அதுவும் முட்டியைக் கொஞ்சம் மடக்கின நிலையில். மாட்டின உடனே குதிக்காதே. ஐந்து நிமிஷம் நட. ரப்பரும் சதையும் ஒன்றோடொன்று உட்காரும். அப்போது வார் கொஞ்சம் தளரும். திரும்பி வந்து ஒரு பல் இறுக்கு, போதும். மிச்ச வார் நுனியைத் தொங்கவிடாதே, உள்ளே செருகு. ஜிகினா சட்டை அதில் மாட்டினால் தீர்ந்தது கதை.

கழற்றினதும் காலைப் பார்க்க வேண்டும். சிவப்பாகத் தடம் இருக்கும், இருக்கட்டும். இருபது நிமிஷம் கழித்தும் மறையாமல் இருந்தால் அந்த இடத்தில் ஏதோ தப்பு. என் நண்பனுக்கும் இதுதான் சட்டம். கடிகாரம் பார்த்துச் சொல்வான்.

இனி கணக்குக்கு வருகிறேன். அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஈவென்ட் கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன்தான். காபி கொடுத்தார். ''ஒரு ஜோடியே இருபதாயிரத்துக்கு மேல சார். ஒம்பது பேருக்கு ஒம்பது ஜோடி வாங்க நான் என்ன அம்பானியா?'' என்றார். நியாயமான கேள்வி. ஒன்பது வேண்டாம் என்றேன். மூன்றே இருக்கட்டும். வளையத்தின் உள்ளே வைக்கும் ரப்பர் மெத்தை மட்டும் ஆளுக்கு ஒரு செட். பெரியவர் அதை வெல்க்ரோ வைத்து, ஒட்டிப் பிரிக்கிற மாதிரி செய்கிறேன் என்கிறார். கூலியோடு சேர்த்து ஒரு ஆளுக்கு 600 ரூபாய். ஒன்பது பேருக்கு 5,400.

''நேத்து கல்யாணத்துல கலர் பேப்பர் வெடிச்சீங்களே, எவ்வளவு?'' என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கால்குலேட்டரை எடுத்தார்.

இந்தப் பொருளுக்கு அவர் புத்தகத்தில் தேய்மானம் எழுதுகிறார். கேட்டேன், எழுதுகிறாராம். ஸ்பிரிங் தேய்கிறது, வார் தேய்கிறது, எல்லாம் கணக்கில் வருகிறது. முட்டிக்குக் கீழே தேய்வதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. பையன்களுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கையில் காசு. விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. இதை அவரிடம் கேட்டபோதுதான் இரண்டாவது காபி வரவில்லை.

ஆனாலும் 5,400 கொடுத்தார். ஹெல்மெட், முட்டிக்கவசம், மணிக்கட்டுக் கவசம் போடச் சொன்னதற்கு, ''ஹெல்மெட் போட்டா லுக் போயிடும் சார்'' என்றார். பேரம் பேசி, ஜிகினா பேன்ட்டுக்கு உள்ளே முட்டிக்கவசம், கையுறைக்கு உள்ளே மணிக்கட்டுக் கவசம், ஹெல்மெட்டின் மேல் ராஜா கிரீடம் என்று முடிந்தது. பசங்களுக்குக் கிரீடம் ரொம்பப் பிடித்துவிட்டது. விழுவதற்கும் பயிற்சி நடக்கிறது: முன்பக்கமாக, முட்டி முதலில், கை அப்புறம். பின்பக்கமாக மட்டும் சாயவே கூடாது.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கலர் நெயில் பாலிஷ். கம்பியில் எந்த ஓட்டை யாருடையது என்று அந்தக் கலரில் ஒரு புள்ளி. துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றியாகிவிட்டது. அதனால் பத்து நிமிஷ வேலை இரண்டு நிமிஷமானது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடும் இழுத்திருக்கிறார்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். வெல்க்ரோவில் தூசியும் நூலும் சேர்ந்தால் பிடிக்காது என்பதால் பேன் சீப்பால் வாருகிறார்கள். இந்த ஐடியா பையனின் அம்மாவுடையது.

இதை எழுதக் காரணம் கல்யாண மண்டபம் மட்டுமில்லை. குழந்தைகள் சைஸிலும் இது விற்கிறது. லீவுக்கு வாங்கிக் கொடுக்கும் அப்பாக்கள் இருக்கிறீர்கள். 'வளர்ற புள்ளை, பெரிசாவே வாங்கிடுவோம்' என்று பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்குவது மாதிரி இதை வாங்காதீர்கள். ஸ்பிரிங்கில் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரைக்கும் என்று போட்டிருப்பார்கள். பாரம் குறைவான பிள்ளை கட்டினால் ஸ்பிரிங் வளையாது, அதிர்ச்சி மொத்தமும் முட்டிக்கும் இடுப்புக்கும் போகும். பாரம் அதிகமானால் ஃபைபர் உரியும், ஒரு நாள் முறியும். ஓரத்தில் வெள்ளையாக நார் நாராகப் பிரிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பிள்ளை 'கால் மரத்துப் போச்சுப்பா' என்றால், 'பழகிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நம்ம பையன் இப்போது வாரம் மூன்று கல்யாணம் போகிறான். பெருவிரல் தூக்குகிறது. அவன் எடை 58 கிலோ. கம்பெனியில் இருக்கும் மூன்று ஜோடியில் இரண்டு, 70 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கானது. லேசான ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுத்து இரண்டு மாசமாகிறது, இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் மூன்றாவது ஜோடியை மட்டும்தான் தொடுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். அந்த ஜோடி வேறு மண்டபத்துக்குப் போகிற ராத்திரிகளில் கரடி வேஷம் அவனுடையது. கரடிக்குச் சம்பளம் 300 ரூபாய் குறைவு.